பிறவி டொமினிக்கன்

மார்ச் 6, விபூதிப் புதன்

நவசந்நியாசப் பயிற்சியில் இருந்தபோது அன்றைய மதர் ஒரு குயர் நோட்டைக் கையில் கொடுத்து, "தினமும் உன் குறைகளை எழுது, இஞ்ஞாசி" என்றார்கள். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. என் குறைகள் முதல் நோட்டிலேயே தீர்ந்துவிட்டன. அதன் பிறகு மற்றவர்களுடையதை எழுதிவருகிறேன். அதற்கு முடிவே இல்லை.

இன்றைய குறை அல்தகிராசியா. நேற்றைய குறையும் அவள்தான்.

பெயர் வாயில் நுழையாது. மற்றவர்கள் அல்தா என்கிறார்கள். நான் "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் டொமினிக்கன் குடியரசு என்ற நாட்டிலிருந்து எங்கள் மடத்துக்கு வந்தாள். வெளிநாட்டு சிஸ்டர் வருகிறார் என்றதும் வெள்ளைக்காரி வருவாள் என்று மாலை வாங்கி வைத்திருந்தோம். வேனிலிருந்து இறங்கியவள் எங்கள் எல்லோரையும்விடக் கறுப்பு. மாலையை வைத்திருந்த பெர்பெத்துவா, வெள்ளைக்காரி இன்னும் இறங்கவில்லையோ என்று வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

வந்த முதல் வாரமே சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு வேடிக்கை பேசினாள். நாங்கள் சாமிநாதர் சபை. இங்கிலீஷில் டொமினிக்கன் என்பார்கள். அவள் நாட்டுக்காரர்களுக்கும் அதே பெயர்தானாம், அவர்கள் தலைநகரமே சாமிநாதர் பெயரில்தான் இருக்கிறதாம். "நீங்கள்லாம் வார்த்தைப்பாடு குடுத்து டொமினிக்கன் ஆனீங்க. நான் பொறக்கையிலயே டொமினிக்கன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் மட்டும்தான் சிரித்தாள். இருபது வருடம் சபையில் இருக்கும் பெர்பெத்துவா அன்றைக்கு வைத்த கரண்டியை இன்னும் எடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்தப் பேச்சு பெரிதில்லை. என் கோபம் வேறு. மதர் அமலோற்பவம் அவளை என் ஓஸ்தி அறையில் கொண்டுவந்து போட்டார். நாற்பது பங்குக் கோவில்களுக்கு, திருப்பலியில் கொடுக்கும் மெல்லிய ஓஸ்தி அப்பம் இந்த அறையிலிருந்துதான் போகிறது. முப்பத்தோரு வருடம் தனியாக மாவு கரைத்து, தனியாகச் சுட்டு, தனியாக வெட்டியவள் நான். எனக்கு எதற்கு உதவியாள்? என் கைக்கு என்ன கேடு?

அவள் வந்ததிலிருந்து அறையில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. இன்று போய்ப் பார்க்கிறேன், பல்பை மாற்றியிருக்கிறாள். மங்கலான ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்கிறாள். கேட்டால், "நல்லாத்தான் எரியுது சிஸ்டர்" என்கிறாள். வாட்ச்மேன் சின்னப்பனிடம் தமிழ் கற்றவள், அங்கிட்டு இங்கிட்டு என்று அசல் திண்டுக்கல்காரி மாதிரி பேசுகிறாள். பொய்யும் அதே சுத்தத்தில் வருகிறது.

பாஸ்கா திருநாளுக்குப் பிறகு மடத்தில் ஓட்டு நடக்கும். அவளை நிரந்தரமாக எங்களோடு சேர்த்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா என்று. ஏழு பேருக்கு ஓட்டு உண்டு. அதில் ஒன்று என்னுடையது. தவக்காலத்தைச் சந்தோஷமாகத் தொடங்குகிறேன்.

மார்ச் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் சபையின் சட்டத்தை வாசிப்பது என் வேலை. மற்றவர்கள் பேசாமல் சாப்பிட வேண்டும். இன்றும் ஒரு எழுத்து தப்பாமல் வாசித்தேன். "இந்த வயசுல கண்ணாடிகூட இல்லாம எப்படி வாசிக்கிறாங்க பாருங்க" என்றார் மதர், சாப்பிட்டு எழுந்ததும். முப்பது வருடமாக வாரத்துக்கு ஒருமுறை வாசிப்பது. பக்கத்தைத் திருப்ப மறக்காமல் இருந்தால் போதும்.

மார்ச் 11

குயர் நோட்டுகளை இப்போது மிகவும் சிறிதாக அடிக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு நாளுக்கு அரைப் பக்கம் போதும். இப்போது நாலு பக்கம் ஆகிறது. பேனாவும் எழுதுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் படம் வரையும் தடித்த பேனாவை வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 14

கோவில் வாசற்படியில் வாளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். விழ இருந்தேன். தண்ணீர் முழுக்க என் அங்கியில். வெள்ளை அங்கியில் சேற்றுத் தண்ணீர். "நடுவுல எங்கங்க வச்சேன், ஓரமாத்தானே வச்சேன்" என்கிறாள். ஓரத்தில் இருப்பதெல்லாம் எனக்குப் பகை.

தூசி மருந்தை மூன்று வேளையும் விட்டேன். மாவுத் தூசி கண்ணுக்கு ஆகாது.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

விசா வேலையாக அவள் சென்னைக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் ஆகுமாம். சூசையப்பரே, உமக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மார்ச் 21

இன்று மூன்று முறை மாவு கரைத்தேன். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், உப்புகூடக் கூடாது. இரும்புத் தட்டு இரண்டும் பதமாகச் சூடேறியதும் கரண்டி மாவை ஊற்றி மேல் தட்டை அழுத்தினால் சீறும். அந்தச் சீறல் அடங்கும் நேரம்தான் கணக்கு. என் காதுக்கு அது தெரியும். தகடு தகடாக எடுத்து, ஈரத்துணிப் பெட்டியில் வைத்து, மறுபடி எடுத்து வட்டமாக வெட்டி, பொறுக்கி, பாக்கெட் போட்டு, தேதி ரப்பர் ஸ்டாம்பும் குத்தி முடித்தேன். எல்லாம் தனியாக. அறை அமைதியாக இருந்தது. சீட்டியடிப்பவள் இல்லை.

பொறுக்குவதுதான் சலிப்பான வேலை. உடைந்தது, கருகியது எல்லாம் தனியே எடுக்க வேண்டும். அதை அவள்தான் செய்துவந்தாள். இன்று எதுவுமே கருகவில்லை. அவள் இருந்தால்தான் தினமும் ஒரு டப்பா கழிவு வருகிறது.

மார்ச் 26

வந்துவிட்டாள். விசா அலுவலகக் கதையை மேசையில் பெரிய பெருமையாகச் சொன்னாள். படிவத்தில் நாடு என்ற இடத்தில் டொமினிக்கன், சபை என்ற இடத்திலும் டொமினிக்கன் என்று எழுதினாளாம். அதிகாரி, "ஏம்மா ஒரே பதிலை ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க" என்று ஒன்றை அடித்துவிட்டாராம். "எதை அடிச்சாருன்னு கேக்குறீங்களா? சபையைத்தான். இப்ப அரசாங்கக் கணக்குல எனக்கு நாடு இருக்கு, சபை இல்ல" என்றாள்.

மதர் சிரித்தார். பெர்பெத்துவா தட்டைப் பார்த்துக்கொண்டு, "அதிகாரிக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி.

ஏப்ரல் 2

நல்ல செய்தி. ஒரு பங்குச்சாமி மதருக்குப் போன் செய்து கத்தியிருக்கிறார். ஞாயிறு பூசைக்குப் பாக்கெட்டைப் பிரித்தால் பாதி ஓஸ்தி கருகிக் கிடந்ததாம். நடுப்பூசையில் மூடிவைத்துவிட்டு, பழைய பாக்கெட்டைத் தேடி எடுத்தாராம். மதர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, யார் சுட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "நான்தான் மதர். அன்னைக்குக் கவனம் பிசகிப்போச்சு" என்றாள்.

பிடிபட்டாளா? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே எவ்வளவு இனிப்பு என்று இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 5, வெள்ளி

பெர்பெத்துவா இன்று பாத்திரம் துலக்கும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளோடு எப்போதும் சேர்ந்து திரியும் இரண்டு சிஸ்டர்களும்.

"கர்த்தரோட சரீரமாகப் போறதையே கருக்குறவ. அவ எதுக்குங்க நமக்கு? இஞ்ஞாசியம்மா, நீங்க நம்ம பக்கந்தானே?"

"நான் எந்தப் பக்கமும் இல்ல. பாத்திரம் துலக்குற பக்கம் நிக்கிறேன்" என்றேன்.

"விளையாடாதீங்க. வெளிநாட்டு சிஸ்டர்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு. போன மாசம் பிஷப் வந்தப்ப, சமையக்காரம்மாவான்னு கேட்டாரு அவரு டிரைவர். அந்த மூஞ்சியும் முடியும். நம்ம கறுப்பு நமக்குப் பத்தாதா?"

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

எனக்குக் கன்னம் எரிந்தது. இருபத்துமூன்று வயதில் இந்த மடத்துப் படி ஏறியபோது, அன்றைய சமையல் சிஸ்டர் என்னைப் பார்த்து, "சட்டிக்கு அடியிலருந்து எடுத்துட்டு வந்தீங்களா இத?" என்று கேட்டாள். அதையும் அன்று மூன்று பேர் கேட்டுச் சிரித்தார்கள். முதல் நோட்டில் அது இருக்கிறது, என் குறைகளில் ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

எனக்கும் அவளைப் பிடிக்காது. ஆனால் அது என் சொந்தப் பகை. என் அறைக்காக, என் வேலைக்காக, நான் உழைத்து வளர்த்தது. அதைக் கொண்டுபோய் இவர்களுடைய சாக்கடையில் சேர்ப்பதா?

தட்டைக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு தட்டு கீழே விழுந்தது. மேடை அங்கே முடிகிறது என்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

பங்குச்சாமி அந்தப் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மதர் அதை ஓஸ்தி அறை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். கருகல்தான். விரலால் தடவினேன், விளிம்பு பொடிந்தது.

கூடை பின்ன வரும் பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். "இந்த ஸ்டாம்புல என்னம்மா தேதி போட்டிருக்கு, மை சரியா விழலை" என்று கேட்டேன்.

"நல்லாத்தானே விழுந்திருக்கு சிஸ்டர். மார்ச் இருபத்தொண்ணு."

இருபத்தொன்றில் சீட்டியடிப்பவள் சென்னையில் இருந்தாள். அன்று சுட்டவள் ஒருத்திதான். இந்த நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன், எல்லாம் தனியாக என்று.

தூசிதான். தூசி அதிகம். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 10

தூசி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பல் வலி என்று சொல்லிவிட்டு டவுன் கண் டாக்டரிடம் போனேன். "கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு வாடிப்போச்சு சிஸ்டர். போன பார்வை வராது. மருந்து விட்டா இருக்கறதைக் கொஞ்ச நாள் காப்பாத்தலாம்" என்றார். ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வரும் என்றார். அப்படித்தான் வருகிறது.

எழுதிவிட்டேன். இந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் மறுநாளே அறைச் சாவியை வாங்கிவிட்டு, கையில் ஜெபமாலையைக் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து செத்த நாலு பேரை நானே கழுவி அடக்கத்துக்குத் தயார் செய்திருக்கிறேன். நான் அதில் உட்கார மாட்டேன்.

ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு

கோவில் சுற்றி வரும்போது முன்னால் போனவளின் முக்காட்டையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அது அவளுடையதாகவே இருந்து தொலைந்தது.

ஏப்ரல் 17, பெரிய புதன்

நாளை பெரிய வியாழன். வருடத்தில் அதிக ஓஸ்தி போகும் நாட்கள் இவை. காலையிலிருந்து இருவரும் பேசவில்லை. நான் சுட்டேன், அவள் வெட்டினாள், பொறுக்கினாள். கழிவு டப்பாவில் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருந்தேன். நிறைய விழுந்தது. தாங்கவில்லை.

"இந்தாம்மா. மார்ச் இருபத்தொண்ணு நீ மெட்ராஸ்ல இருந்த."

"ஆமா."

"அப்ப எதுக்கு நீ சுட்டேன்னு மதர்கிட்ட சொன்ன?"

"நான்னா ரெண்டு நாளு திட்டுவாங்க. நீங்கன்னா இந்த ரூமை உங்ககிட்டருந்து எடுத்துருவாங்க. எது கம்மின்னு பாத்தேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருசமா பொறுக்குறேன் சிஸ்டர். முத வருசம் பத்து கருகும். இப்ப பாதிக்குப் பாதி. நெதம் கோழிக்குத்தான் கொட்டுறேன். வாளி உங்க காலுக்குப் பக்கத்துல இருந்தும் நீங்க பாக்கலை. எனக்குக் கண்ணு இருக்குல்ல?"

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவளை அறைந்திருப்பேன்.

"உன்னை யாரு கேட்டா? உனக்கு என்ன, புண்ணியம் சேக்கணுமா? ஓட்டுக்காகப் பண்றியா?"

வெட்டும் கருவியை அவள் மேசையில் வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"உங்க ஓட்டு எனக்குக் கெடைக்காதுன்னு தெரியும். எனக்கும் உங்களைப் பிடிக்காது, தெரிஞ்சுக்கங்க. மூணு வருசத்துல ஒருக்கா எம்பேரைச் சொல்லிக் கூப்ட்டிருக்கீங்களா? நாய்க்கே இங்க பேரு இருக்கு. ஆனா இந்த ரூமை விட்டா உங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல. அதை உங்ககிட்டருந்து பிடுங்க என்னால ஆகாது. அம்புட்டுத்தான். நாங்க அப்படித்தான் வளந்தோம்."

"நாங்கன்னா யாரு? உங்க நாட்டு டொமினிக்கனா, சபை டொமினிக்கனா?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"எங்கம்மா" என்றாள். மறுபடி வெட்ட ஆரம்பித்தாள்.

அவளை வெறுக்க முடியாமல் ஆக்கிவிட்டாளே என்று இப்போது அவளை இன்னும் வெறுக்கிறேன்.

ஏப்ரல் 21, பாஸ்கா

ஆண்டவர் உயிர்த்தார். கால் வலி.

ஏப்ரல் 24

நாளை ஓட்டு. பிரெஞ்சு மதர்கள் காலத்திலிருந்து இங்கே சீட்டு கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை மொச்சை, ஒரு கறுப்பு மொச்சை. இரண்டையும் தனித்தனிக் கையில், தோளிலிருந்து முன்னால் தொங்கும் மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு மேசைக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு மரப்பெட்டி. சிலுவை போட்ட பெட்டியில் போடுவதுதான் ஓட்டு. மற்றதைச் சிலுவை இல்லாத பெட்டியில் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. மொச்சையைப் பொறுக்கிக் கொடுப்பது எப்போதும் என் வேலை. விழும் சத்தத்தில்கூட வித்தியாசம் தெரியக் கூடாது என்று ஒரே அளவில் பொறுக்குவேன். இந்த முறை விரலாலேயே பொறுக்கினேன்.

கணக்குப் போட்டுவிட்டேன். பெர்பெத்துவாவும் அவள் ஆட்கள் இருவரும் கறுப்பு. மதரும் இன்னும் இருவரும் வெள்ளை. மூன்றுக்கு மூன்று. ஏழாவது நான்.

வெள்ளை போடுவேன். அன்பு ஒன்றும் இல்லை. கருகலுக்கு அவள் பழி சுமந்தாள், நான் சும்மா இருந்தேன். வெள்ளை மொச்சையைப் போட்டால் அந்தப் பாரம் இறங்கும். யாருக்கும் தெரியாது, சாவி என் இடுப்பிலேயே இருக்கும். அதற்குப் பிறகு நிம்மதியாக அவளை வெறுக்கலாம்.

ஏப்ரல் 25, வியாழன்

நாலு கறுப்பு. மூன்று வெள்ளை.

மதர் இரண்டு முறை எண்ணினார். "சிஸ்டர் அல்தகிராசியாவைச் சேத்துக்க வேணாம்னு சபை முடிவு பண்ணியிருக்கு. சனிக்கிழமை அவங்ககிட்ட சொல்றேன். அதுவரைக்கும் யாரும் பேசப்படாது" என்றார்.

முதலில், வெள்ளை போட இருந்தவர்களில் ஒருத்தி மாறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். யார் அந்தத் துரோகி என்று ஒவ்வொரு முகமாகத் திரும்பினேன், முகம் எங்கே தெரிகிறது எனக்கு. வெளியே வரும்போது ஒரு சிஸ்டர் பெர்பெத்துவாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மேசையை ஏன் திருப்பிப் போட்டீங்க? சிலுவைப் பெட்டி எப்பவும் சோத்துக்கைப் பக்கந்தான இருக்கும். ஒரு நிமிசம் கொழம்பிட்டேன்."

"வெயிலு மொகத்துல அடிச்சுது. மேசையோட திருப்பிட்டேன். அதான் சிலுவை பெருசா போட்டிருக்குல்ல, தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் வலது கையால் வலது பெட்டியில் வெள்ளையைப் போட்டேன். இடது பெட்டியில் கறுப்பைப் போட்டேன். நாலாவது கறுப்பு நான்.

கோவிலில் போய் உட்கார்ந்தேன். ஒருவருக்கும் தெரியாது. நான் எப்போதும் அவளுக்கு எதிரிதான், கறுப்பு போட்டதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. அவள் விமானம் ஏறுவாள், அறை என்னுடையது. நான் தவக்காலம் முழுக்க ஜெபித்தது இதைத்தானே? கேட்டதைக் கொடுத்துவிட்டார். உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன்.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் மதரின் அறைக்குப் போனேன்.

"மதர், ஓட்டுல தப்பு நடந்துபோச்சு. நான் வெள்ளை போட நெனச்சேன். பெட்டி மாறிப்போச்சு."

"எப்படி மாறும்?"

"சிலுவை தெரியலை. எனக்குக் கண்ணு தெரியலை மதர்."

சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த வார்த்தை. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டது கேட்டது.

"இஞ்ஞாசியம்மா, மனசாட்சி உறுத்துதா? உறுத்தட்டும். ஆனா அதுக்காக இப்படி ஒரு கதை வேணாம். போன வெள்ளிக்கிழமைகூட சட்டத்தை ஒரு எழுத்து தப்பாம வாசிச்சீங்க, நானும் கேட்டேன். இதை நான் போய் சபையில சொன்னா, மதர் தனக்கு வேண்டியவளைக் காப்பாத்த உங்களை வச்சு நாடகம் போடுறாங்கன்னு பெர்பெத்துவா சொல்லுவாங்க. உங்களுக்கு அந்தப் பொண்ணு மேல எம்புட்டு வெறுப்புன்னு மடத்துக்கே தெரியும். யாரு நம்புவா?"

என் கெட்டிக்காரத்தனம் எனக்கே எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. முப்பத்தெட்டு வருடம் வளர்த்த வாயை ஒருவரும் நம்பத் தயாரில்லை.

நாளை வெள்ளி.

ஏப்ரல் 26, வெள்ளி

மதியம். சோறு பரிமாறியாகிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்தார்கள், அவளும். நான் மேடையில் ஏறி, சட்டப் புத்தகத்தை விரித்து, மூடினேன்.

"இது எனக்கு மனப்பாடம். இதை நான் வாசிச்சே ரெண்டு வருசம் ஆகுது. பெர்பெத்துவா, உங்க கையில என்ன காகிதம் கெடைக்குதோ, குடுங்க. வாசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் இங்கே யாரும் பேசுவதில்லை. நாற்காலி இழுபட்டது. பெர்பெத்துவாவின் காலடி. அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

"வெள்ளையா இருக்கு" என்றேன். "ஒண்ணும் தெரியலை."

"தெரியாதுதான். வெத்துத் தாளுங்க அது" என்றாள் பெர்பெத்துவா. "ஏதாவது தெரியுற மாதிரி நடிப்பீங்கன்னு பாத்தேன்." யாரோ மூச்சுவிடுவது போலச் சிரித்தார்கள். "இப்ப இதை வாசிங்க."

இன்னொரு தாள். இதையும் தூக்கினேன். கிட்டே, தூரத்தில், வெளிச்சத்தில். எத்தனை நேரம் என்று தெரியாது. மடமே பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும் ஒருவரும் தெரியவில்லை.

"இதுவும் வெள்ளைதான்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"அது இன்னைக்கு வந்த பேப்பருங்க" என்றாள் பெர்பெத்துவா. குரல் மாறியிருந்தது. "தலைப்பு கட்டை விரல் மொத்தத்துக்கு இருக்கு."

நான் இறங்கவில்லை. இறங்கினால் மறுபடி ஏற மாட்டேன் என்று தெரியும். "பங்குச்சாமி திருப்பியனுப்புன கருகல் நான் சுட்டது. அவ அன்னைக்கு ஊருலயே இல்ல. நேத்து சிலுவைப் பெட்டி எதுன்னு தெரியாம வெள்ளையை மாத்திப் போட்டவளும் நான்தான். இதுக்கு மேல உங்களுக்குச் சாட்சி வேணும்னா டவுன் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க." இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தேன். முடிச்சு வர நேரமானது. மதர் இருக்கும் பக்கம் நீட்டினேன். அவர் எழுந்து வந்து வாங்கும்வரை கை நீட்டியபடியே நின்றேன்.

வலித்தது. பல் பிடுங்குவது மாதிரி என்று சொன்னால் குறைவு. முப்பத்தோரு வருடம்.

படியிறங்கும்போது ஒரு கை வந்து முழங்கையைப் பிடித்தது. மாவு வாசனை. உதறிவிட்டேன். மறுபடி பிடித்தது. இரண்டாம் முறை உதறவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 27

மறு ஓட்டு. மதர் சிலுவைப் பெட்டியில் நூல் கட்டி வைத்திருந்தார், தடவிப் பார்த்துப் போட்டேன். நாலு வெள்ளை, மூன்று கறுப்பு. ஒருவரும் மனம் மாறவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அல்தகிராசியா. இனி என் நோட்டை எழுத ஒரு கை வேண்டும், மற்ற ஆறு பேருக்கும் அதில் அவர்களைப் பற்றி என்ன இருக்கிறது என்ற பயம். இவளுக்கு அந்தப் பயம் இல்லை. இவளைப் பற்றி என்ன இருக்கும் என்று இவளுக்கே தெரியும்.

இன்று காலை பூசையில் அவள் எங்கள் மடத்துக்கு வார்த்தைப்பாடு கொடுத்தாள். விசா அதிகாரி அடித்துவிட்ட சபையை மறுபடி எழுதிக்கொண்டாள் என்று மதர் சொன்னார். பெர்பெத்துவா மாலை போட்டாளாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அறைச் சாவி இப்போது அல்தகிராசியாவின் இடுப்பில். மாவு கரைக்கக் கண் வேண்டாம் என்பதால் நான் மாவு கரைக்கிறேன். அவள் இன்று தட்டை அளவுக்கு மேல் சூடேற்றினாள். சீறலைக் கேட்டே சொன்னேன். கேட்கவில்லை. நாலு கருகியது. எழுது, நாலு என்று எழுது.

எழுதினாயா? முன்பக்கங்களைப் படிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். படிக்கவில்லை என்கிறாள். பொய்.

அவ்வளவுதான் இன்றைக்கு. மூடு.

இது அல்தகிராசியா எழுதுவது. சிஸ்டர் தூங்கப் போய்ட்டாங்க. என் தமிழுல தப்பு இருக்கும்.

படிச்சேன். எல்லாத்தையும். எழுத்து ஒவ்வொண்ணும் கட்டை விரல் பெருசு, படிக்காம இருக்க முடியலை. நாலு கருகலை, ரெண்டுதான். சீட்டி அடிச்சேன், அது நெசம். வாளி ஓரத்துலதான் இருந்துச்சு.

மார்ச் ஆறாம் தேதி, நான் பல்பை மாத்தினேன்னு எழுதியிருக்காங்க. அதுவும் நெசம். நாப்பது வாட்டு பல்பைக் கழட்டிட்டு, சின்னப்பண்ணன்கிட்ட கேட்டு வாங்கி, நூறு வாட்டு போட்டேன்.